அடைத்து வைத்த குழாய்

சொட்டுகிற குழாயைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது. நான் பிறந்தது ராமநாதபுரம் பக்கம். தெருக்குழாயில் இரண்டு குடம் பிடிப்பதற்குள் மூன்று சண்டை முடிந்திருக்கும். கை கழுவிய தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றும் வீட்டில் வளர்ந்தவளை, தொண்ணூறுகளின் நடுவில், என் கணவர் மழைக்குக் குறைவே இல்லாத மலாக்காவுக்குக் கூட்டி வந்தார். ஆயர் குரோவில் எங்கள் வாடகை வீட்டின் பின்சுவரில், கூரைக்குச் சற்றுக் கீழே, விரல் பருமனில் ஒரு வெள்ளைக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. ஒருநாள் அது சொட்டத் தொடங்கியது.

அந்த வீட்டில் முதலில் கெட்டது அது இல்லை. நாங்கள் குடியேறிய மாதமே சமையலறைத் தொட்டி அடைத்துக்கொண்டது. பிறகு இடி இடிக்கும் போதெல்லாம் மின்சாரம் போனது. குளியலறைக் கதவின் நிலையைக் கரையான் தின்று, ஒருநாள் காலையில் கதவு கையோடு வந்தது. பட்ட காலிலே படும் என்பார்கள்; என் வீட்டில் படுவதற்கு வேறு கால் இல்லை. வீட்டின் சொந்தக்காரர் மஸ்ஜித் தானா என்ற ஊரில் இருந்தார். தொலைபேசியில் மிகவும் மரியாதையாகப் பேசுவார், வரமாட்டார். என் கணவர் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பொறியாளர். பகலெல்லாம் பழுது பார்த்துவிட்டு வருகிறவரிடம் வீட்டுப் பழுதைச் சொன்னால், செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடிப்பார். ஆகவே ஆள் தேடுவதும், காத்திருப்பதும், வராத ஆளுக்காக வீட்டிலேயே கிடப்பதும் என் உத்தியோகம் ஆயின.

ஊரில் எனக்கு நிஜமாகவே ஓர் உத்தியோகம் இருந்தது. உதவி பெறும் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியை. ஊதியமில்லா விடுப்பில் வந்திருந்தேன். அந்த விடுப்பை இனி நீட்டிக்க முடியாது, ஜூனில் பள்ளி திறக்கும் நாளில் வந்து சேராவிட்டால் இடம் போய்விடும் என்று தலைமை ஆசிரியை எழுதியிருந்தார். சேருகிறேன் என்று பதில் போட்டுவிட்டேன். "தங்கள் சம்மதம் கிடைத்தது" என்று அவர் மறுபடி எழுதிய கடிதமும் வந்துவிட்டது. இதில் எதையும் நான் கணவரிடம் சொல்லவில்லை. கோபம் ஒன்றும் இல்லை. சொன்னால் பேச வேண்டும். உட்கார்ந்து பேசும் தெம்பு எங்கள் இருவரிடமும் இல்லாமல் போய்ப் பல மாதம் ஆகியிருந்தது.

அந்தக் கடிதத்தை என் சான்றிதழ்களோடு ஒரு சிறிய பெட்டியில் வைத்தேன். எங்கள் வரிசையில் இரண்டு வீடுகளில் திருடன் புகுந்திருந்தான். பெட்டியை எங்கே ஒளிப்பது என்று பார்த்தபோது, நடைவழியின் கூரையில் ஒரு சதுரப் பலகையைக் கண்டேன். தள்ளினால் திறந்தது. ஆகா, பரண் இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டு, மேசைமேல் நாற்காலி போட்டு ஏறி, துடைப்பக் கட்டையால் பெட்டியைத் தூரத் தள்ளி வைத்தேன். உள்ளே இருட்டில் பெரிய தண்ணீர்த் தொட்டி இருந்தது. அதன் ஓரம்தான் யார் கண்ணிலும் படாது என்று தோன்றியது.

சொட்டும் குழாயைப் பார்க்க ஒருவரை ஏற்பாடு செய்தது பக்கத்து வீட்டு ஆன்ட்டி. அவர் யாழ்ப்பாணத்துக் குடும்பத்தவர், அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குழாய் வேலைக்காரரின் பேஜர் எண்ணை எழுதிக் கொடுத்து, "நல்ல வேலைக்காரன், பிள்ளை. வாறன் எண்டு சொன்னால் மட்டும் நம்பாதை" என்றார்.

ரெம்பியா பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால் வெட்டியவர் அவர். தோட்டம் கைமாறியதும் குழாய் வேலைக்கு வந்துவிட்டார். ஐம்பதை நெருங்கும் வயது. வந்தவர் கீழே நின்றே அண்ணாந்து பார்த்தார். தொட்டிக்குள் தண்ணீரை நிறுத்தும் மிதவைப் பந்து தேய்ந்துவிட்டது, புதுசு கொண்டுவந்து மாற்றவேண்டும் என்றார். அதுவரை ஒழுகிக்கொண்டே இருக்குமா என்று கேட்டேன்.

"ஒழுகட்டும்லா தங்கச்சி. உள்ள ரொம்பிருச்சுன்னு அது வெளிய சொல்லுது. நாளைக்கு வரேன்."

நாளைக்கு வரவில்லை. பேஜரில் செய்தி விட்டால், ஏதோ ஒரு கடையிலிருந்து அழைத்து, நாளைக்கு வருகிறேன் என்பார். அந்த ஊரில் யாரும் முடியாது என்று சொல்லிக் கேட்டதே இல்லை. முகம் கோணாமல் நாளைக்கு என்பார்கள். மூன்று வாரம் நாளைக்கு ஆனது. நான் குழாயடியில் வாளி வைத்தேன். நிரம்பிய வாளியால் தரை கழுவினேன், செடிக்கு ஊற்றினேன், ஏற்கெனவே துவைத்த துணியை மறுபடி அலசினேன். அந்த ஊர்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்த ஆன்ட்டி சிரித்தார். படுத்தால் காதுக்குள் சொட்டு விழுந்தது.

ஒரு மத்தியானம் பொறுமை போயிற்று. பழைய பாவாடைத் துணியைக் கிழித்து, உடைந்த அகப்பைக் காம்பில் இறுக்கிச் சுற்றி, மேசையைப் பின்பக்கம் இழுத்துப் போட்டு ஏறி, அந்தக் குழாயின் வாயில் வைத்து அம்மிக் குழவியால் அடித்து இறக்கினேன். சொட்டு நின்றது. பி.எஸ்சி. படித்து, பிள்ளைகளுக்கு நீர்மட்டம் பற்றிப் பாடம் எடுத்தவள் நான். உள்ளே நிரம்புகிற தண்ணீர் வெளியே வழியில்லாவிட்டால் எங்கே போகும் என்று ஒரு நொடி யோசிக்கவில்லை. தண்ணீரைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியில் நன்றாகத் தூங்கினேன்.

மூன்றாம் நாள் மதியம், பின்னறைக் கட்டிலில் படுத்திருந்த என் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. மேலே பார்த்தேன். கூரைப் பலகையில் பழுப்பாகப் பெரிய கறை. அதன் நடு ஈரச் சாக்கு மாதிரி தொய்ந்திருந்தது. தன்வினை தன்னைச் சுடும் என்பார்கள், என்னை நனைத்தது. எழுந்து உட்கார்ந்தபோது கட்டில் ஞாபகமோ வீட்டின் சொந்தக்காரர் ஞாபகமோ வரவில்லை. பெட்டி, பெட்டி என்றே அடித்துக்கொண்டது.

வாசலுக்கு ஓடி மீட்டர் பக்கத்து வால்வைத் திருகினேன். துருப்பிடித்த வால்வு அசையவில்லை. கணவருக்குத் தொலைபேசி செய்தேன். வால்வை மூடு, ஏழு மணிக்கு வந்துவிடுவேன் என்றார். சத்தம் கேட்டு ஆன்ட்டி இரண்டு பேசின்களோடு வந்து சேர்ந்தார். நான் மேசை, நாற்காலி போட்டுச் சதுரத் துவாரத்தில் தலையை நீட்டினேன். தொட்டியின் விளிம்பில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. எட்டடி தூரத்தில் என் பெட்டி குளத்தில் உட்கார்ந்திருந்தது. ஊரில் எங்கள் வீட்டுத் தளம் எருமை நின்றாலும் தாங்கும். அந்த நினைப்பில் ஒரு காலை மேலே தூக்கி வைக்கப் போனேன். ஆன்ட்டி என் மற்றக் காலைப் பிடித்துக்கொண்டார்.

"அங்க மிதியாதை, பிள்ளை. அது வெறும் பலகை. பொத்துக்கொண்டு கீழ வந்திடுவாய்."

இறங்கி வந்து பேஜர் நிலையத்துக்கு அழைத்தேன். அங்கே செய்தியைத் தட்டி அனுப்புகிற மலாய்ப் பெண்ணிடம், எனக்குத் தெரிந்த பத்து மலாய் வார்த்தைகளையும் கொட்டினேன். கூரை நனைகிறது, மேலே என் சிஜில் இருக்கிறது, சான்றிதழ், சான்றிதழ், எல்லாம் போகிறது. அவள் பொறுமையாகத் திருப்பிச் சொன்னாள். அழைத்துவிட்டு, நாளைக்கு என்று பதில் வரும் என்றுதான் காத்திருந்தேன். பதில் அழைப்பே வரவில்லை.

முக்கால் மணி நேரத்தில் குழாய் வேலைக்காரரின் மோட்டார் சைக்கிள் வாசலில் நின்றது. தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் வால்வைச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி, பெரிய ஸ்பானர் போட்டு மூடினார். பிறகு மேலே ஏறினார். மரச்சட்டங்களின் மேலேயே தவழ்ந்து போய், பெட்டியை ஒரு கையால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினார். உடம்பெல்லாம் ஈரமும் தூசியும்.

நான் பெட்டியைப் பிடுங்கித் திறந்தேன். எல்லாக் காகிதங்களும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடந்தன. மேலே இருந்ததைப் பிய்க்கப் போனேன். அவர் என் கையைத் தடுத்தார். வேகமாகப் பிரித்தால் எழுத்து மறு தாளோடு போய்விடும் என்றார். வெயில் கூடாது, இஸ்திரியும் கூடாது. பழைய பேப்பர் கேட்டார். ஹாலில் தரை முழுக்கச் செய்தித்தாளை விரித்தோம். அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஓரத்தில் ஊதி ஊதி, ஒவ்வொரு தாளாகக் கழற்றி ஆன்ட்டியின் கையில் கொடுத்தார். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பட்டம், பி.எட்., நியமன உத்தரவு. முத்திரைகள் நீலமாகக் கசிந்திருந்தன, பெயர்கள் இருந்தன. குழாயைப் பார்க்க மூன்று வாரம் வராத மனிதர், ஒரு தாளுக்கு ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டார். கேட்டே விட்டேன். இன்றைக்கு மட்டும் எப்படி உடனே வந்தீர்கள் என்று.

அவர் தலையை நிமிர்த்தவில்லை. "என் பொறந்த பேப்பர எங்க ஆத்தா பிஸ்கட் டின்னுல போட்டு கூரைச் சட்டத்துல சொருகி வச்சிருந்துச்சு. ஒரு மழையில லயத்து வீட்டுத் தகரம் பிச்சிக்கிட்டுப் போச்சு. நாலு நாள் கழிச்சு டின்ன தெறந்தா கஞ்சி. தோட்டத்து ஆபீஸ் கிராணிகிட்ட போனா, பழைய புக்கு எல்லாம் இல்லன்னுட்டாரு."

சட்டைப் பையிலிருந்து நனைந்த பர்ஸை எடுத்து, அதிலிருந்த அட்டையைத் துடைத்துக் காட்டினார். சிவப்பு அடையாள அட்டை. அந்த நாட்டில் குடிமக்களுக்கு நீலம்; சிவப்பு என்றால் தங்கியிருக்க அனுமதி பெற்ற அந்நியர். நீல அட்டைக்கு எத்தனையோ முறை மனுப் போட்டாராம்.

"ரெம்பியாலதான் பொறந்தேன். பேப்பர்ல இன்னும் பொறக்கலலா" என்று சிரித்தார். ஆன்ட்டி சிரிக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. நான்கு வருடத்துக்கு முன்னால் விமானத்தில் வந்து இறங்கிய என் கடவுச்சீட்டில் எல்லா முத்திரையும் ஒழுங்காக இருந்தது. காகிதத்தைத் திருடனிடமிருந்து காப்பாற்றத் தெரிந்த எனக்குத் தண்ணீரிடமிருந்து காப்பாற்றத் தெரியவில்லை.

அடியில் தலைமை ஆசிரியையின் கடிதம் இருந்தது. மடித்தபடியே நனைந்திருந்தது. அதை மடிப்பு மடிப்பாகப் பிரித்தார். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறு வருடம் படித்தவர், உதடு அசைய வாசித்தார். ஜூன் மாதம் பள்ளியில் சேர என்று வந்த இடத்தில் நிறுத்தி, "ஊருக்கா?" என்றார்.

ஆமாம் என்றேன். ஆன்ட்டி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"போயி சேருங்க. ஒங்க பேப்பர்ல இன்ன ஊருன்னு எழுதியிருக்குல்ல" என்று சொல்லி, நன்றாகக் காயட்டும் என்று அந்தக் கடிதத்தை மின்விசிறிக்கு நேர் கீழே, எல்லாத் தாள்களுக்கும் நடுவில் வைத்தார்.

அப்புறம் மறுபடி மேலே ஏறி மிதவையைக் கம்பியால் தூக்கிக் கட்டினார். கடைசியாகப் பின்பக்கம் போனவர் கையில் என் துணி சுற்றிய அகப்பைக் காம்போடு வந்தார். யார் வைத்தது என்று கேட்கவில்லை. என் கையில் கொடுத்துவிட்டு, புதுப் பந்தோடு நாளைக்கு வருகிறேன் என்று கிளம்பினார். மறுநாள் வரவில்லை. அதற்கும் மறுநாள் வந்தார்.

ஆன்ட்டியும் போன பிறகு மணி ஆறரை. ஹால் முழுக்க என் படிப்பு கிடந்தது. நடுவில் அந்தக் கடிதம். எடுத்து மறைத்துவிடலாம் என்று இரண்டு முறை குனிந்தேன். மடித்தால் ஒட்டிக்கொள்ளும், விரித்தபடி வைக்க அந்த வீட்டில் வேறு விசிறி இருந்த இடம் பின்னறைதான். அங்கே கூரை தொங்கிக்கொண்டிருந்தது. இதெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்ட சாக்கு. உண்மை என்னவென்றால், அடைத்து வைத்து அலுத்துவிட்டேன். சுவரோரம் உட்கார்ந்தேன்.

ஏழு மணிக்கு வந்த கணவர் வாசலிலேயே நின்றார். காலணியைக் கழற்றிவிட்டு, தாள்களின் இடையே கால் வைக்க இடம் பார்த்துப் பார்த்து நடுவுக்கு வந்தார். குந்தி உட்கார்ந்து கடிதத்தைத் தொடாமல் படித்தார். ஒரு தடவை படிக்க ஆகும் நேரத்தைவிட அதிக நேரம் உட்கார்ந்திருந்தார்.

"எப்பக் கெடச்சுது?"

"ரெண்டு மாசம் ஆச்சு."

எழுந்தார். பின்னறைக்குப் போய்க் கூரையைப் பார்த்துவிட்டு வந்தார். சட்டையைக்கூட மாற்றாமல் எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் காய்ந்துவிட்டது, திருப்பிப் போடவேண்டும் என்றார். நான் இந்தப் பக்கத்திலிருந்தும் அவர் அந்தப் பக்கத்திலிருந்துமாக ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டோம். நடுவில் இருந்த கடிதத்தை அவரே திருப்பினார்.