புதுத் தரையில் நீலக் கறை

எங்கள் வீட்டுத் தரையைப் பற்றி என்னைவிட யாருக்கும் அதிகம் தெரியாது. மற்றவர்கள் அதன்மேல் நடந்தார்கள், நான் அதிலேயே கிடந்தேன். கைக்குழந்தையாக இருந்தபோது வந்த இளம்பிள்ளை வாதம் என் இரண்டு கால்களையும் கொண்டுபோய்விட்டது. கைகளில் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, உட்கார்ந்தபடியே உடம்பை இழுத்து இழுத்துத்தான் வீட்டுக்குள் எங்கும் போவேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. கூசுவது வேறொன்றை நினைத்து.

வீடு கரட்டுச் சரிவில் அப்பா கட்டியது. பின்பாதி பாறைமேல் உட்கார்ந்திருந்தது, முன்பாதி மண் கொட்டி நிரப்பிய மேட்டின்மேல். மழைக்கு மழை மண் இறங்கும், பாறை இறங்குமா? இரண்டும் சேர்கிற இடத்தில் நடு வீட்டின் குறுக்கே ஒரு வெடிப்பு ஓடியது. வருஷா வருஷம் சிமெண்ட் வைத்து அடைப்போம், அடுத்த மழைக்கு அது வாயைப் பிளந்துகொள்ளும். அதன் விளிம்பில் மாட்டி என் நைட்டிகள் கிழிந்தன, தொடையில் தோல் உரிந்தது. மற்ற இடமெல்லாம் மேல்பூச்சு போய் மணலாக உதிர்ந்தது. நான் வீட்டில் உட்கார்ந்து பனியன் துணிக்குப் பிசிறு நூல் வெட்டிக் கொடுப்பவள். அந்த வருஷம் கம்பெனியில் வெள்ளைக் குழந்தைத் துணி கொடுத்தார்கள், தரைப்புழுதி அதில் ஒட்டி அழுக்கென்று திரும்பி வந்தது.

தம்பி அந்தக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அவன் மனைவி அதே கம்பெனியில் செக்கிங். ஒருநாள் என் தொடைக்கு மருந்து போட்டுவிட்டு அவள் அவனிடம் என்ன சொன்னாளோ, மறுநாளே கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

"பழசையெல்லாம் கொத்தி எடுத்துப்போட்டு, வெடிப்புல கம்பி வெச்சுக் காங்கிரீட் போட்டர்லாமுங்க. மேல வெள்ளை சிமெண்ட்டுல பூசுனா கண்ணாடியாட்ட இருக்குமுங்க" என்றார் கொத்தனார்.

"அக்கா வழுக்கிட்டுப் போயிரும் பாருங்க" என்று தம்பி சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. எனக்காக என்று அந்த வீட்டில் ஒரு வேலை நடப்பது அதுதான் முதல் தடவை. அவர்கள் கொத்தியதையும் கம்பி கட்டியதையும் காங்கிரீட் போட்டதையும் ஒரு கோயில் நோம்பியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசி வேலை மேல்பூச்சு. விடிந்ததும் வந்து காலையிலேயே பூசி முடித்துவிட்டார்கள். ஐப்பசி மாதம், வானம் மூட்டம் போட்டிருந்தது. மறுநாள் வரைக்கும் யாரும் அதில் கால் வைக்கக் கூடாது என்றார் கொத்தனார். நான் இருந்தது நடு வீட்டை ஒட்டிய சின்ன அறை. கக்கூஸ் பின்வாசலுக்கு வெளியே. அறை வாசப்படிக்கும் பின்வாசப்படிக்கும் நடுவில் சாரப் பலகை ஒன்றைப் பாலமாகப் போட்டார்கள். தம்பி அதில் நடந்து வந்து என்னைத் தூக்கிப் போக வேண்டும் என்று ஏற்பாடு.

பக்கத்து வீட்டில் ஒரு நாள் இருந்துகொள்ளச் சொன்னான். அங்கே வளர்ந்த ஆம்பளைப் பையன்கள் இருக்கிறார்கள், யார் என்னைத் தூக்கித் தூக்கி வைப்பது? மாட்டேன் என்றேன். தம்பி மனைவி ஒரு மூடி போட்ட வாளியைக் கொண்டுவந்து அறை மூலையில் வைத்தாள்.

"இதென்ன?"

"அவசரத்துக்கு ஆகுமுங்கக்கா. மத்தியானம் அவரு வரச் சித்த நேரம் முன்னப்பின்ன ஆயிருச்சுன்னா..."

"ஏம்புள்ள, நான் என்ன படுக்கைல கெடக்கறவளா? எடுத்துட்டுப் போ!"

எனக்கு வாய் நீளம். காலுக்குப் போகவேண்டிய பலமெல்லாம் நாக்குக்கு வந்துவிட்டது என்று அம்மா சொல்வாள். தம்பி மனைவி வாளியை எடுத்துக்கொண்டு போனாள். அப்புறம் இரண்டு பேரும் வேலைக்குக் கிளம்பிவிட்டார்கள்.

தம்பி மத்தியானம் சாப்பாட்டுக்கு வரவில்லை. ஷிப்மென்ட் நாள், விட்டிருக்க மாட்டார்கள். அப்போதுதான் அவன் செல்போன் வாங்கியிருந்தான், வீட்டில் எனக்கு ஏது போன்? பக்கத்து வீட்டு அக்காவைக் கத்திக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் அவர் தன் பையனை அனுப்புவார். காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தும் அடிவயிறு கல்லாக இறுகியது. பிசிறு வெட்டுவதில் புத்தியை வைத்துப் பார்த்தேன், சாமியை வேண்டிப் பார்த்தேன். அந்த வாளியை நினைத்து என்னையே வைதுகொண்டேன். அட கெரகமே, ஆனது ஆகட்டும் என்று பலகையில் ஏறினேன்.

நடக்கிறவர்களுக்கு அது போதுமான அகலம். உட்கார்ந்து நகர்கிறவளுக்கு இரண்டு பக்கமும் கை ஊன்ற இடம் வேண்டும். பலகையின் ஓரங்களைப் பிடித்துக்கொண்டு பாதி தூரம் போய்விட்டேன். நடுவில் பலகை வளைந்தது, ஒரு பக்கமாகப் புரண்டது. நான் பொத்தென்று ஈரப் பூச்சில் விழுந்தேன். விழுந்த அதிர்ச்சியில் அடக்கி வைத்ததெல்லாம் அங்கேயே போய்விட்டது.

நடு வீட்டில். வெள்ளை வெளேரென்று அன்றைக்குக் காலையில் பூசிய தரையில். யாரும் பார்க்கவில்லை, ஆனாலும் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டேன். கையிலிருந்த சிமெண்ட் முகமெல்லாம் அப்பியது. செத்துப்போய்விடலாம் போல இருந்தது. வயது முப்பதைத் தாண்டியிருந்தது எனக்கு.

எங்கள் ஊரில் எது சிந்தினாலும் கைக்கு வருவது பனியன் வேஸ்ட்தான், வெட்டி மிஞ்சிய துணி. எண்ணெய் சிந்தினாலும் அதுதான், குழந்தை மூத்திரம் போனாலும் அதுதான். வண்டி துடைக்க, அடுப்பு துடைக்க, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மூட்டை கிடக்கும். எங்கள் மூட்டை என் அறையில் இருந்தது. அறைக்கு இழுத்துக்கொண்டு போய், மூட்டையையும் குடிக்கிற தண்ணீர்க் குடத்தையும் இழுத்துக்கொண்டு வந்தேன். போய் வந்த தடமெல்லாம் தரையில் பதிந்தது. அதைப் பார்க்கிற நிலையிலா இருந்தேன்? தண்ணீரைக் கொட்டினேன். கை நிறையத் துணியை அள்ளி அள்ளிப் பரப்பினேன், அமுக்கினேன், ஒற்றி எடுத்தேன். வாடை போய்விட வேண்டும், அது ஒன்றுதான் எனக்குக் குறி. புரண்டு கிடந்த பலகையை என் அறை வாசப்படியிலிருந்தே பழையபடி நிமிர்த்திவைத்தேன். முகத்தைத் துடைத்து, நைட்டியை மாற்றி அலசிக் கொடியில் போட்டுவிட்டு அறையில் உட்கார்ந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன்.

அந்த வாரம் கம்பெனியில் ஓடியது கருநீல டீ சர்ட். மூட்டையில் இருந்ததெல்லாம் அதன் வெட்டுத்துணி. சாயம் முழுக்க இறங்கியிருந்தது. நடு வீட்டில் ஒரு பெரிய தட்டம் அளவுக்கு நீலம், அங்கிருந்து என் அறை வரைக்கும் நீலக்கோடு, கோட்டின் இரண்டு பக்கமும் செருப்புத் தடம். மறைக்கப் போய் ஊருக்கே பலகை எழுதி மாட்டிவிட்டேன்.

சாயங்காலம் தம்பியும் அவன் மனைவியும் வந்தார்கள். பூச்சைப் பார்த்துவிட்டுப் போகக் கொத்தனாரும் கூடவே வந்திருந்தார். மூன்று பேரும் பின்வாசப்படியில் நின்று பார்த்தார்கள்.

"அடக்கடவுளே! அம்மிணி, என்னங்க இது?" என்று கொத்தனார் கேட்டார்.

"நாயிங்க" என்றேன். "நாய் பூந்துருச்சுங்க."

கொத்தனார் குனிந்து பார்த்தார். "நாயி செருப்புப் போட்டுட்டு வந்துச்சுங்களா?" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே நிமிர்ந்தவர் என் கைகளைப் பார்த்தார். சிமெண்ட் ஒட்டிய செருப்பை வழக்கம்போல மாட்டியிருந்தேன். அவர் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

தம்பிக்குக் கோபம் பொங்கியது. "ஒரு நாளு பொறுக்க முடியலயா உனக்கு? யாருக்காக இத்தன பாடு? உன்ற ஒருத்திக்காகத்தான?"

காலையில் இருந்த வாயெல்லாம் எங்கே போனதோ. தம்பி மனைவி மட்டும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் இருந்த நீல வட்டத்தைப் பார்த்தாள், அதற்கு அந்தப் பக்கம் பின்வாசல் வரைக்கும் தடமே இல்லாததைப் பார்த்தாள். அப்புறம் என் அறைக் கொடியில் சொட்டிக்கொண்டிருந்த நைட்டியைப் பார்த்தாள்.

"அக்காவ ஏனுங்க வைறீங்க? நாந்தானுங்க" என்றாள். "மத்தியானம் சோத்துக்கு வந்தேன், பலகைல கால் தவறிருச்சு. கொடத்துத் தண்ணி கொட்டிருச்சுன்னு வேஸ்ட்டப் போட்டுத் தொடச்சேன். சாயம் எறங்கும்னு ஆரு கண்டா? செருப்பும் என்னுதுதானுங்க."

அன்று முழுக்க அவள் தம்பியோடு ஒரே கூரைக்குக் கீழே வேலை பார்த்திருக்கிறாள். அவள் எங்கும் போகவில்லை என்று அவனுக்குத் தெரியாதா? ஏதோ சொல்ல வாயெடுத்தவன் அவள் முகத்தைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. சட்டென்று வெளியே திரும்பி நின்றுகொண்டான். அவன் வைததைத் தாங்கிவிட்டேன், அப்படித் திரும்பியதைத்தான் தாங்க முடியவில்லை.

"கொத்திப்போட்டு மறுக்காப் பூசோணுமுங்க" என்றார் கொத்தனார். "நாளைக்கே வர்றனுங்க."

மறுபடி பூசினால் மறுபடி ஒரு நாள் நான் அறைக்குள். தம்பி திரும்பிப் பார்க்காமலே சொன்னான், "வேண்டாங்க. கெடக்கட்டும்."

கொத்தனார் பள்ளங்களை மட்டும் நிரவிவிட்டுப் போனார், கறை அப்படியே இருந்தது. விளக்கு வைத்த பிறகு தம்பி மனைவி பலகையில் நடந்து வந்து, காலையில் நான் விரட்டிய வாளியை அதே மூலையில் வைத்தாள். அதற்கு முன்னால் ஒரு பழைய சேலையை மறைப்பாகக் கட்டினாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், எனக்கு அது சுலபமாக இருந்திருக்கும்.

அதன்பிறகு வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் கேட்டார்கள், இவ்வளவு நல்ல தரையில் இதென்ன கறை என்று. ஒவ்வொரு தடவையும் அவள்தான் பதில் சொன்னாள். நான் தலையைக் குனிந்து பிசிறு வெட்டிக்கொண்டிருப்பேன். ஒரு நோம்பிக்கு அவள் அம்மா வந்தார். ஒரம்பரையாக வந்த சொந்தக்காரர்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"காசு போட்டுச் செஞ்ச தரைய இப்புடியா கெடுத்து வெப்பாங்க? உனக்குக் கண்ணு பொடனிலயா இருக்குது?" என்று எல்லார் முன்னாலும் மகளைப் பிடித்துக்கொண்டார்.

"ஆமாம்மா, அன்னைக்குப் புத்தி வேல செய்யல" என்று அவள் சிரித்தாள்.

வாயைத் திற, திற என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கத்தரிக்கோல்தான் திறந்தது. வெள்ளைத் துணியில் நூலுக்குப் பதில் துணியையே வெட்டிவிட்டேன். எல்லாரும் போன பிறகு அவளிடம் கேட்டேன்.

"எனக்காவ நீ ஏங்கண்ணு பேச்சு வாங்கற? உண்மையச் சொல்லித் தொலச்சறலாம்."

அவள் ஓட்டை விழுந்த துணியைத் தனியாக எடுத்து வைத்தாள். "என்னைய வைவாங்க, பொறவு மறந்துருவாங்க. உங்களுக்குன்னா ஐயோ பாவம்னு சொல்லுவாங்கக்கா. சொன்னா நீங்க மறப்பீங்களா?"

தரை நன்றாகத்தான் இருக்கிறது. வெடிப்பு திரும்ப வரவில்லை, புழுதி இல்லை, நைட்டி கிழிவதில்லை. தம்பி சொன்னதுபோல வழுக்கிக்கொண்டுதான் போகிறேன். அந்த நீல வட்டம் வந்தால் மட்டும் இன்றைக்கும் அதன்மேல் போகாமல் சுற்றிக்கொண்டு போகிறேன்.