காலி செய்யாத குப்பைத் தொட்டி

என் அக்கா பேருந்து ஓட்டுகிறவள். டெப்போவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, நிதானம் என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் வண்டி என்று தெரிந்தால் பயணிகள் ஏறின உடனே கண்ணை மூடிக்கொள்வார்கள். பிரேக் போட்டால் தலை முன்னால் போய் இடிக்காது, வளைவில் பை உருளாது. வீட்டில் அவளுக்கும் நிதானத்துக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது என்பது வேறு விஷயம். குளியலறை விளக்கை யாராவது அணைக்காமல் வந்துவிட்டால் வீட்டை இரண்டாக்கிவிடுவாள். ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் அவள் வேறு ஆள்.

போன வருடம் மழைக்காலத்தில் அந்த வேறு ஆள் காணாமல் போய்விட்டாள். டெப்போவுக்கு இடது பக்கம் ஒரு நீளமான இறக்கம் உண்டு. அதன் அடியில் சந்தை. அந்த இறக்கத்தில் வந்துகொண்டிருந்தபோது பிரேக் பிடிக்கவில்லை. வண்டி வழுக்கிக்கொண்டே போய் பாதிவழியில் ஓரத்துக் கல்சுவரில் சாய்ந்து நின்றது. நாலைந்து பேருக்குக் காயம், ஒரு பெரியவருக்குத் தோள் எலும்பு முறிந்தது. அக்காவுக்கு நெற்றியில் தையல். விசாரணை நடத்தி, பிரேக் குழாய் வெடித்திருந்தது, ஓட்டுநர் மேல் தவறில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அந்தத் தாள் எனக்குப் போதுமானதாக இருந்தது. அவளுக்குப் போதவில்லை. கடைசி சில நொடிகள் அவளுக்கு நினைவில் இல்லை. கண்டக்டர் அப்போது பின்படியில் நின்றிருந்தாள், பயணிகள் வழக்கம்போலக் கண்ணை மூடியிருந்தார்கள், முன்னால் நடந்ததைப் பார்த்த ஆள் யாருமில்லை. "நான் பயந்து போய் ஸ்டீயரிங்க விட்டுட்டேன்டி. ரெண்டு கையாலயும் மூஞ்சிய மூடிக்கிட்டேன். ஏதோ புண்ணியம், வண்டி தானா போய் சுவத்துல நின்னுச்சு," என்று என்னிடம் மட்டும் ஒருநாள் சொன்னாள். கணவரிடம்கூடச் சொல்லவில்லை. கையை விட்டவள் மறுபடி எந்த முகத்தோடு வண்டி எடுப்பது என்பதுதான் அவள் கேள்வி.

தற்காலிகமாக என்று சொல்லி அவளை டெப்போ விசாரிப்பு ஜன்னலில் உட்கார வைத்தார்கள். எந்த வண்டி எத்தனை மணிக்கு, எந்த மேடையில் என்று நாள் முழுக்கச் சொல்ல வேண்டும். யாரோ கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே, வெளியே கிளம்பும் வண்டியின் பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். மறுபடி ஓர் ஓட்டுநர் தேர்வுக்குப் போய் வண்டியை ஓட்டிக் காட்டினால் பழைய இருக்கை கிடைக்கும். அவள் தேதியைத் தள்ளிக்கொண்டே வந்தாள். கடைசியில் மேலதிகாரி கூப்பிட்டு, இந்த மாதத்துக்குள் ஓட்டிக் காட்டாவிட்டால் ஜன்னல்தான் நிரந்தரம், இருக்கையை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார்.

அப்போதுதான் அவளோடு வண்டியில் போகும் அந்தக் கண்டக்டர் ஒரு பென்டிரைவைக் கொண்டுவந்து கொடுத்தாள். கம்ப்யூட்டரில் பேருந்து ஓட்டும் விளையாட்டு. "இதுல மழை இருக்கு, இறக்கம் இருக்கு, வளைவு இருக்கு. இடிச்சா யாருக்கும் ஒண்ணும் ஆகாது. முதல்ல இதுல ஓட்டிப் பாருக்கா," என்றாளாம். அக்கா அதை நகைப்பெட்டிக்குள் வைக்காத குறையாக வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

வீட்டில் கம்ப்யூட்டர் என்பது மாமாவின் ராஜ்ஜியம். மாமா, அதாவது அக்காவின் கணவர், ஒரு இயந்திர உதிரிபாகக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். நல்ல மனிதர், பரம சாது. ஆனால் ஒரு பொருளைத் தூக்கிப் போடச் சொன்னால் மட்டும் அவரிடம் நடக்காது. கழித்துக் கட்டிய சாமான்களுக்கென்று அவர்கள் கம்பெனியில் தனியாக ஓர் அறை உண்டு. உடைந்த பல்சக்கரம்கூட அங்கேதான் போகும், வெளியே போகாது. யாராவது ஒருநாள் வந்து கேட்பார்கள் என்பது மாமாவின் நம்பிக்கை. யாரும் வந்து கேட்டதாக எனக்குத் தெரியாது.

அன்று விளையாட்டை ஏற்றப் பார்த்தார்கள். ஹார்டு டிஸ்க்கில் இடம் போதாது என்று திரை சொல்லிவிட்டது. "பாத்தியா, இடமில்லையாம். நான் என்ன பண்றது?" என்றார் மாமா. அதற்குப் பிறகு அக்கா கேட்டபோதெல்லாம் ஒரு சாக்கு வந்தது. பார்க்கிறேன், கடையில் கேட்கிறேன், புதிதாக ஒன்று வாங்கலாம், இப்போது விலை இறங்கும் என்கிறார்கள். மாதம் பாதி ஓடிவிட்டது. பொறுத்துப் பார்த்த அக்கா எனக்குப் போன் செய்தாள். நான் அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை செய்கிறவள். நாள் முழுக்க இதே தலைவலிதான் எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் உட்கார்ந்தேன். திறந்து பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. 'பத்திரம்' என்று ஒரு ஃபோல்டர். குடும்பப் படங்கள், வீடியோக்கள் எல்லாம் அதில். பக்கத்தில் 'மிகப் பத்திரம்'. அதைத் திறந்தால் அதே படங்கள், அதே வீடியோக்கள். அதற்கும் பக்கத்தில் 'இதுதான் பத்திரம்'.

"மாமா, மூணுலயும் ஒரே சாமான்தானே இருக்கு?"

"ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கட்டும்னுதான்ம்மா."

"மூணும் ஒரே டிஸ்க்குல இருக்கு. போனா மூணும் சேந்துதான் போகும். வீட்டுச் சாவிக்கு மூணு டூப்ளிகேட் போட்டு, மூணையும் ஒரே பைக்குள்ள வெச்சுக்கிட்டுச் சுத்துற மாதிரி இருக்கு."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாமா ஒவ்வொரு படமாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அவர் சொன்னபடி ஆரம்பித்திருந்தால் அடுத்த மழைக்காலம் வந்திருக்கும். ஒருவழியாக அவரைப் பேசிக் கரைத்து, ஒன்றை விட்டுவிட்டு மற்ற இரண்டு ஃபோல்டர்களையும் அழித்தேன். போய்ப் பார்த்தால் இடம் ஒரு துளியும் கூடவில்லை. குப்பைத் தொட்டியைத் தட்டிப் பார்த்தேன். அழித்ததெல்லாம் அதற்குள் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. அதுமட்டுமல்ல, கம்ப்யூட்டர் வாங்கின நாளிலிருந்து அந்தத் தொட்டியை அவர் காலியே செய்யவில்லை. நிரம்பிவிடக்கூடாதென்று அதன் அளவை வேறு கூட்டி வைத்திருந்தார். கழித்துக் கட்டிய சாமான் அறையை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார் மனிதர்.

"காலி பண்ணிடறேன் மாமா."

மாமா பாய்ந்து வந்து மவுஸின் மேல் கையை வைத்தார். "அத மட்டும் தொடாத."

"குப்பைத் தொட்டி மாமா இது! குப்பைய என்ன பண்ணுவாங்க?"

"தொடாதன்னா தொடாத."

அவர் என்னிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அக்கா நாற்காலியை விட்டு எழுந்தாள். "எனக்கு இந்த விளையாட்டு வேணும்னு இத்தனை நாளா கேட்டுக்கிட்டிருக்கேன். உங்களுக்குக் குப்பைதான் முக்கியமா?"

"ஆமா, முக்கியம்தான்!" என்றார் மாமா. முகம் சிவந்துவிட்டது. "இடமில்லாமலே இருக்கட்டும்னுதான் விட்டேன். நீ மறுபடி வண்டி எடுக்க வேண்டாம். ஆஸ்பத்திரில உன்னைத் தேடிக்கிட்டு ஒவ்வொரு கட்டிலா நான் பார்த்துக்கிட்டுப் போனேன் தெரியுமா? ஜன்னல்லயே உக்காந்து பதில் சொல்லிட்டிரு. சாயங்காலம் முழுசா வீட்டுக்கு வந்தா போதும் எனக்கு."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் சாக்குப்போக்கு சொல்கிறார் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். பாவம், பயந்துபோயிருக்கிறார். ஆனால் என் கோபமும் சும்மா அடங்குகிற ரகமில்லை. அப்படி என்னதான் இருக்கிறது என்று அவர் கை விலகின நேரம் பார்த்துத் தொட்டியைத் திறந்து உள்ளே இருந்த படங்களை விரித்துவிட்டேன்.

வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். நடுவே ஒரு வரிசை முழுக்க ஒரே பேருந்து சுவரில் சாய்ந்து நின்றது.

விபத்து நடந்த அன்றே, விசாரணைக்கு உதவும் என்று மாமா போய் எடுத்த படங்கள். யாரும் கேட்கவில்லை. அக்கா கண்ணில் பட்டுவிடக்கூடாதென்று அழித்திருக்கிறார். அழித்தும் தூக்கிப்போட மனம் வராமல் தொட்டியிலேயே விட்டிருக்கிறார். நான் அவசரமாக மூடப் போனேன்.

"மூடாத. ஒண்ணப் பெருசா காட்டு," என்றாள் அக்கா.

"வேண்டாம்மா, பாக்காத," என்றார் மாமா. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

முன்பக்கத்திலிருந்து எடுத்த ஒரு படத்தை மீட்டுத் திரை முழுக்க வைத்தேன். நான் உடைந்த கண்ணாடியைத்தான் பார்த்தேன். அக்கா அதைப் பார்க்கவே இல்லை. திரைக்குக் கிட்டே குனிந்து, படத்தின் கீழ்ப்பகுதியில் விரலை வைத்தாள்.

"முன்சக்கரத்தப் பாருடி."

பார்த்தேன். இரண்டு சக்கரமும் சுவர்ப் பக்கமாக முழுக்கத் திரும்பியிருந்தன.

"கைய விட்டிருந்தா சக்கரம் நேரா இருந்திருக்கும். வண்டி நேரா சந்தைக்குள்ள போயிருக்கும்," என்றாள். "அந்தப் பழைய வண்டியில பவர் ஸ்டீயரிங் கிடையாது. சக்கரம் இவ்வளவு திரும்பணும்னா ரெண்டு கையாலயும் உடம்பக் குடுத்துச் சுத்தணும். ஒரு சுத்து இல்ல, மறுபடி மறுபடி பிடிச்சுச் சுத்தணும். இது தானா போய் நிக்கல. நான்தான் சுவத்துல கொண்டுபோய் நிறுத்தியிருக்கேன். நான் கைய விடல!"

"யாரு சொன்னா நீ கைய விட்டேன்னு?" என்று திகைத்துப்போய்க் கேட்டார் மாமா.

அக்கா சொன்னாள். என்னிடம் சொன்னதையெல்லாம் முதல்முறையாக அவரிடமும் சொன்னாள். மாமா கட்டிலில் போய் உட்கார்ந்துவிட்டார். அவளுக்கு வலிக்கும் என்று நினைத்து எதை ஒளித்தாரோ, அதுதான் இத்தனை நாள் அவளுக்கு வேண்டியிருந்தது. இருவரும் ஒரே வீட்டில், ஒரே விஷயத்தை ஆளுக்கொரு பக்கம் மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு இரண்டு பேரையும் நாலு சாத்து சாத்தலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது.

கொஞ்சநேரம் கழித்து மாமா எழுந்து வந்தார். "தள்ளு," என்று என்னை நகர்த்திவிட்டுத் தானே உட்கார்ந்தார். அந்த ஒரு படத்தை மட்டும் வெளியே எடுத்து வைத்தார். பிறகு தொட்டியைக் காலி செய்தார். நிச்சயமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. "நிச்சயம்தான், போ," என்று அதனிடமே சொல்லிவிட்டு அழுத்தினார். டிஸ்க் நிரம்பியதைக் காட்டிச் சிவப்பாக முட்டிக்கொண்டு நின்ற கோடு சரசரவென்று இறங்கி நீலமானது. விளையாட்டு ஏறத் தொடங்கியது. வாழ்நாளில் அவர் எதையாவது தூக்கிப் போட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

விளையாட்டில் அக்கா படுமோசம் என்பதைச் சொல்லாமலிருக்க முடியாது. நிஜ வண்டியில் பை உருளாமல் ஓட்டுகிறவள், விசைப்பலகையில் கிளம்பின உடனே ஒரு விளக்குக் கம்பத்தைச் சாய்த்தாள். அடுத்து ஒரு பெட்டிக்கடை. "பிரேக்கு எங்கடி?" என்று கத்திக்கொண்டே ஒரு பூங்காவுக்குள் புகுந்து வெளியே வந்தாள். மாமா பின்னால் நின்றுகொண்டு, "நிறுத்தத்துல ஒரு அம்மா கை காட்டுறாங்க பாரு, ஏத்திக்க," என்று பயணிகளுக்காகப் பரிந்து பேசினார். அதன் பிறகு தினமும் வேலை முடிந்து வந்ததும் ஓட்டினாள். முதலில் மழை வரும் இறக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு எழுந்து போய்விடுவாளாம். பிறகு மெதுவாக இறங்கினாள். பிறகு சாதாரணமாக இறங்கினாள். மாதம் முடிவதற்குள் டெப்போவுக்குப் போய் அவளே தேர்வுக்குத் தேதி கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள்.

தேர்வன்று காலையில் நானும் மாமாவும் டெப்போ வாசலுக்கு வெளியே நின்றோம். வலது பக்கம் சமமான சாலை. இடது பக்கம் அந்த இறக்கம். எந்தப் பாதையில் ஓட்டுவது என்பது ஓட்டுநர் விருப்பம் என்று சொல்லியிருந்தார்கள். முந்தின நாள் முழுக்க மாமா, "வலது பக்கம் போ, உனக்குக் கோடி புண்ணியம்," என்று கெஞ்சியிருக்கிறார். அவள் தன் பாட்டுக்குச் சீருடையைத் தேய்த்துக்கொண்டிருந்தாளாம். மழை லேசாகத் தூறிக்கொண்டிருந்தது.

வண்டி வாசலுக்கு வந்தது. பக்கத்து இருக்கையில் தேர்வு அதிகாரி, ஸ்டீயரிங்கில் அக்கா. இடது பக்க விளக்கு மினுக் மினுக் என்று எரிந்தது. மாமா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், வலித்தது. நாங்கள் நிற்கும் இடத்தை உரசுகிற மாதிரி அவ்வளவு கிட்டத்தில் வண்டி திரும்பியது. அக்கா எதிரே பார்த்தாள், கண்ணாடியைப் பார்த்தாள், மறுபடி சாலையைப் பார்த்தாள். வண்டி அலுங்காமல் இறக்கத்தில் இறங்கியது.

"என்னைப் பாக்கவே இல்ல, கவனிச்சியா?" என்றார் மாமா.

"வண்டி ஓட்டுறப்ப எப்படி மாமா உங்களப் பாப்பா? ரோட்டத்தான் பாக்கணும்."

"அதத்தான்ம்மா நானும் சொல்றேன்," என்றார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, வாய் முழுக்கச் சிரிப்பு. "பாக்கவே இல்ல!"