சித்தப்பா கொண்டுவந்த வெயில்

பம்பாய் மாதுங்காவில் எங்கள் வீடு தரைத்தளம். இருந்த ஒரே ஜன்னலைத் திறந்தால் சந்துக்கு அந்தப் பக்கம் எதிர்க் கட்டடம். அப்பா பகலிலும் விளக்கைப் போட்டுத்தான் பேப்பர் படிப்பார். அந்த இருட்டில்தான் அம்மா துளசி வளர்ப்பேன் என்று பிடிவாதம் பிடித்தாள். இரண்டு செடிகள் அடுத்தடுத்துப் பட்டுப்போயின. மூன்றாவதும் இலை பழுத்து உதிரத் தொடங்கியபோது, துளசி நிற்காத வீட்டில் தானும் நிற்கப்போவதில்லை, இதுவும் போனால் பாலக்காட்டுக்கு ரயிலேறிவிடுவேன் என்று அறிவித்துவிட்டாள். அன்று முதல் அப்பா ஆபீஸிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் செடியைப் போய்ப் பார்த்தார். ஹோட்டல் சாப்பாடு அவர் வயிற்றுக்கு ஆகாது.

வழி கண்டுபிடித்தது சித்தப்பா. கல்யாணமாகாதவர், எங்களோடு தங்கி ஒரு கம்பெனியில் டைப் அடித்துக்கொண்டிருந்தார். எதிர்க் கட்டடத்தின் மூன்றாம் மாடி ஜன்னலில் காலை வெயில் கொட்டிக் கிடக்கிறது, அங்கே ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைத்தால் நம் தொட்டியில் வந்து விழும் என்றார். வீட்டில் இருந்த ஒரே கண்ணாடி அப்பா சவரம் செய்துகொள்வது. செடியா முகமா என்று கொஞ்சம் யோசித்துவிட்டு அப்பா அதைக் கொடுத்தார். அதன்பின் கன்னத்தில் பிளாஸ்திரியோடுதான் ஆபீஸ் போனார்.

மூன்றாம் மாடியில் இருந்தது நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். அந்த வீட்டு டீச்சர் அக்கா, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்வரை, வெயில் நகர நகரக் கண்ணாடியைத் திருப்புவாள். கீழே தொட்டியருகே நின்று சித்தப்பா இடது, வலது என்று கை காட்டுவார். துளசிக்குக் கிறிஸ்தவப் பெண்ணா வெயில் காட்டுவது என்று பக்கத்து வீட்டு மாமி முகத்தைச் சுளித்தாள்.

“வெயில்தானே தர்றா, தண்ணியா விடறா?” என்றாள் அம்மா.

துளசி துளிர்த்தது. அம்மா பாலக்காட்டை மறந்தாள். சித்தப்பா தினமும் இஸ்திரி போட்ட சட்டையும் கண்ணாடியில்லாமலே எடுத்த வகிடுமாகச் செடியருகே வந்து நின்றார். ஒரு செடிக்காக இத்தனை சிரத்தை எடுத்துக்கொள்கிறாரே என்று எனக்கு அவர்மேல் ரொம்பப் பிரியம் வந்தது.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. பம்பாய் மழை, சூரியன் போன இடம் தெரியவில்லை. கண்ணாடியைத் திருப்பி வாங்கச் சொன்னார் அப்பா. சித்தப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. அக்கா வழக்கம்போல ஜன்னலில் நின்று கண்ணாடியைத் திருப்பினாள், இவரும் வழக்கம்போல இடது, வலது காட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை. வெயிலே இல்லையே சித்தப்பா என்றேன்.

“எப்ப வேணா வரும்டா. தயாரா இருக்கணும்.”

அடுப்படியிலிருந்து வந்த அம்மா மேலே பார்த்தாள், சித்தப்பாவைப் பார்த்தாள். பிறகு அப்பாவிடம் போய்த் தணிந்த குரலில் சொன்னாள்:

“அவ வெயில் மட்டுந்தான் தர்றான்னு நெனச்சுண்டிருந்தேன்.”

அப்பா பிளாஸ்திரியைத் தடவிக்கொண்டார். எனக்கு ஆவல் தாங்கவில்லை. அக்கா வேறென்ன தந்திருப்பாள் என்று, யாரும் பார்க்காத நேரத்தில் தொட்டி மண்ணை விரல்விட்டுக் கிளறினேன். ஒரு சாக்லேட்கூட இல்லை.