ஆரஞ்சு டிஸ்க்கில் நான்காவது பெயர்

சொன்னால் சிரிப்பார்கள் என்றுதான் நதியா இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். இது நடந்தது. நடுராத்திரியிலோ சுடுகாட்டுப் பக்கமோ அல்ல. திருப்பூர் நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனிக்குள், பட்டப்பகலில் நடந்தது. பேய்க்கு வெளிச்சம் ஆகாது என்று சொல்கிறவர்கள் அன்றைக்கு அங்கே இருந்திருக்க வேண்டும்.

நதியாவுக்குச் சொந்த ஊர் நாசரேத் பக்கம். கணவன் சகாயராஜுடன் பிழைப்புக்காகத் திருப்பூர் வந்தவள். கம்பெனியில் அவளுக்குக் கறை எடுக்கும் வேலை. தைத்து வரும் பீஸில் எண்ணெய், மை, துரு என எது பட்டிருந்தாலும் ஸ்பாட் கன்னால் மருந்தைப் பீய்ச்சி எடுத்துவிடுவாள். ஒரே மகள் பிரிசில்லா, ஏழாம் வகுப்பு. ஓயாத வாய். அவள் தூங்கினால்தான் மற்றவர்களுக்குத் தூக்கம் என்று லைன் வீட்டில் எல்லாரும் கேலி செய்வார்கள்.

அந்த வருடம் பள்ளியில் டிஸ்க் கோல்ஃப் என்று ஒரு விளையாட்டு வந்தது. பந்தும் இல்லை, மட்டையும் இல்லை. தட்டு மாதிரி ஒரு பிளாஸ்டிக் டிஸ்க்கைத் தூர நின்று வீசி, கம்பத்தில் சங்கிலிகள் தொங்கும் கூடைக்குள் விழவைக்க வேண்டும். விழுந்தால் 'சலங்ங்' என்று சத்தம் வரும். பிரிசில்லா அந்தச் சத்தத்துக்குப் பைத்தியமாகிவிட்டாள். டீமில் சேர வேண்டுமென்றால் சொந்த டிஸ்க் வேண்டுமாம். அவள் போட்ட நச்சரிப்பில் நதியா அவிநாசிக்குப் போய், பழைய விளையாட்டுச் சாமான் விற்கும் லிங்கசாமி கடையில் ஒரு ஆரஞ்சு டிஸ்க் வாங்கி வந்தாள்.

டிஸ்க்கின் அடிப்பக்கம் மார்க்கரில் மூன்று பெயர்கள் இருந்தன. கவிப்பிரியா, ரித்தீஷ், தரணி. ஒவ்வொரு பெயருக்கும் கீழே ஒரு போன் நம்பர். புதரில் தொலைந்தால் எடுத்தவர் கூப்பிட்டுத் தருவதற்காக அப்படி எழுதுவது வழக்கமாம். பெயர்கள் மூன்றும் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தன. நம்பர்களை யாரும் தொடவில்லை.

"கை மாறுறப்ப பழைய பேரை அடிச்சுட்டு புதுப் பேரை எழுதிக்குவாங்க அம்மிணி. இதுல அடிச்சே இருக்குது. பாப்பா பேரைக் கீழ எழுதிக்குங்க" என்றார் லிங்கசாமி.

பிரிசில்லா அன்று சாயங்காலமே நீல மார்க்கரால் நான்காவதாகத் தன் பெயரை எழுதிவிட்டாள். நதியா டிஸ்க்கை வாங்கிப் பார்த்தாள். தொழில் புத்தி, கண் தானாகக் கறைக்குத்தான் போகும். மூன்று பெயரும் மூன்று கையெழுத்து, மூன்று மை. ஆனால் அடித்த கோடு மட்டும் மூன்றிலும் ஒன்று. பழுப்பு நிறத்தில், மெல்லிசாக, முடிவில் லேசாக மேலே வளைந்த ஒரே கோடு. அது மை இல்லை. துருவும் இல்லை. என்னவென்று அவளுக்குப் பிடிபடவில்லை.

வெள்ளிக்கிழமை பிரிசில்லா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். "அட்டெண்டன்ஸ்ல மிஸ் என் பேரை விட்டுட்டாவம்மா. டீம்லயும் கூப்பிடல. நான் முன்னாடிதான் நின்னேன்."

மறந்திருப்பார்கள் என்று நதியா சமாதானம் சொன்னாள். டிஸ்க்கைத் திருப்பியபோது பிரிசில்லாவின் முதல் எழுத்தின் மேல் பழுப்புக் கோடு விழுந்திருந்தது.

"ஏட்டி, இது என்ன கிறுக்கல்?"

"நான் கிறுக்கலம்மா."

சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ். பள்ளி வேன் நிற்காமல் போய்விட்டது. நதியா டிரைவருக்குப் போன் செய்தாள். "அந்த ஸ்டாப்புல யாரும் ஏறுறதில்லீங்களே..." என்றான் அவன், உண்மையான குழப்பத்தோடு. இரண்டு வருடமாக அந்தப் பிள்ளையை ஏற்றிப் போகிறவன்.

அன்று சாப்பாட்டுக்கு சகாயராஜ் இரண்டு தட்டுதான் எடுத்து வைத்தான். தனக்கு ஒன்று, நதியாவுக்கு ஒன்று. பிரிசில்லா அவனுக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தாள். "எனக்குப்பா?" என்றாள். அவன் நிமிரவே இல்லை.

கோடு இரண்டாவது எழுத்தைத் தாண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மளிகைக் கடையில், "பிள்ளை பேரு என்னக்கா, மறந்தே போச்சு" என்று யாரோ கேட்டார்கள். நதியா வாயைத் திறந்தாள்...

வரவில்லை.

பெற்று, ஞானஸ்நானம் கொடுத்து, நாள் முழுக்கக் கத்திக் கூப்பிட்ட பெயர். அது வரவில்லை. முழுதாகத் திரும்பி வருவதற்குள் அவளுக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. பயத்தில் அழுகையே வந்தது. வீட்டுக்கு ஓடினாள். டிஸ்க்கை எடுத்தாள், மகளின் கையைப் பிடித்தாள், கம்பெனிக்கு நடந்தாள். தன்னால் எடுக்க முடியாத கறை இல்லை என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை.

மணி 3.10. கம்பெனி லீவு. கேட்டில் வாட்ச்மேன் ஆறுமுகசாமி இருந்தார்.

"என்னுங்க அம்மிணி, லீவு நாள்ல தனியா வந்திருக்கீங்க?"

தனியா...

பிரிசில்லாவின் விரல்கள் நதியாவின் கைக்குள் இறுகின.

"ஒரு அவசரக் கறைண்ணே" என்று மட்டும் சொல்லி உள்ளே போனாள். செக்கிங் ஹாலில் ஜன்னல் வெயில் நன்றாக அடித்தது. வெள்ளை டி-ஷர்ட்டுகள் அடுக்கடுக்காக இருந்தன. ஒரு மிஷினும் ஓடவில்லை. ஸ்பாட் கன்னுக்கு சுவிட்சைப் போட்டாள். 'டிர்ர்ர்...' என்று உறுமியது.

கோட்டின் மேல் மருந்தைப் பீய்ச்சினாள். துணியால் தேய்த்தாள்.

சலங்ங்...

பின்னால் ஹாலின் கோடியிலிருந்து வந்தது. சங்கிலிச் சத்தம். அந்தக் கம்பெனியில் சங்கிலி என்று ஒன்றும் கிடையாது.

குனிந்து பார்த்தாள். கோடு போகவில்லை. இன்னும் ஒரு எழுத்துக்கு நீண்டிருந்தது.

மறுபடி பீய்ச்சினாள். மறுபடி தேய்த்தாள்.

சலங்ங்... கொஞ்சம் கிட்டத்தில்.

மறுபடியும் ஒரு எழுத்து.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. புதிதாக வரும் பெண்களுக்கு அவளே சொல்லித் தருவது அது. என்ன கறை என்று தெரியாமல் தேய்க்காதே, பரவிவிடும். பதற்றத்தில் அவளே பரப்பிவிட்டாள். மிச்சம் இருந்தது கடைசி 'லா' மட்டும்.

கறை போகாவிட்டால் கம்பெனியில் என்ன செய்வார்கள்? கறை பட்ட துண்டை மட்டும் தையல் பிரித்து எடுத்துவிடுவார்கள். கோடு கிடக்கட்டும், பெயரை எடுத்துவிட வேண்டும். மார்க்கர் மை ஒரு நிமிட வேலை. ஆனால் தன் கையாலேயே பெயரை அழித்து... பிள்ளையும் சேர்ந்து அழிந்துவிட்டால்?

சலங்ங்...

"ஏட்டி, உன் பேரைச் சத்தமாச் சொல்லு! நிறுத்தாம சொல்லு!"

"பிரிசில்லா! பிரிசில்லா! பிரிசில்லா!"

நீல மை கரைந்தது. ஒரு எழுத்து போனது. இரண்டு போனது.

"பிரிசில்லா! பிரிசில்லா..."

சலங்ங்... அடுத்த மேசை.

"பிரிசில்லா..."

கடைசி எழுத்தைத் துடைத்தாள்.

குரல் நின்றது.

திரும்பினாள். பக்கத்தில் யாரும் இல்லை.

வெள்ளை டி-ஷர்ட்டுகள். வெயில். கையில் ஒரு ஆரஞ்சு டிஸ்க்.

எதற்கு இங்கே வந்தோம்?

யாரைக் கத்தச் சொன்னோம்?

ஒன்றும் நினைவில்லை. கண்ணில் மட்டும் தண்ணீர் கொட்டியது... யாருக்காக என்று தெரியாமல்.

ஜில்லென்று ஒரு கை அவள் முந்தானையைப் பிடித்தது.

"அம்மா... என் பேரு பிரிசில்லாம்மா."

நதியா மகளை வாரி எடுத்துக்கொண்டாள். டிஸ்க்கை மருந்து கேன்கள் இருந்த அலமாரியில் போட்டுப் பூட்டினாள். கேட்டைத் தாண்டும்போது ஆறுமுகசாமி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"ஏனுங்க, பாப்பாவ எப்பக் கூட்டியாந்தீங்க? நான் பாக்கவே இல்லீங்களே!"

அன்று ராத்திரி சகாயராஜ் மூன்று தட்டு வைத்தான். பிரிசில்லா வாயை மூடவில்லை. லைன் வீட்டில் ஒருவரும் தூங்கவில்லை. நதியா அதைக் கேட்டுக்கொண்டே படுத்துக் கிடந்தாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அலமாரியைத் திறந்து டிஸ்க்கைத் திருப்பினாள். பெயர் இருந்த இடம் சுத்தமாக இருந்தது. பழுப்புக் கோடு மட்டும் அப்படியே நின்றது. கேட்காமல் இருக்க அவளால் முடியவில்லை. முதல் பெயருக்குக் கீழே இருந்த நம்பரை அழுத்தினாள். ஒரு பெண் எடுத்தாள்.

"கவிப்பிரியா வீடுங்களா?"

"அப்படி யாரும் இல்லீங்களே."

"உங்க மக பேரு..."



"எங்களுக்குக் குழந்தையே இல்லீங்க. கல்யாணமாயி பதினஞ்சு வருசமாச்சு. போகாத கோயில் இல்லீங்க."

நதியா மன்னிப்புக் கேட்டு வைக்கப் போனாள். அந்தப் பெண் விடவில்லை.

"ஏனுங்க, வெச்சுராதீங்க. அந்தப் பேரை இன்னொருக்காச் சொல்லுங்க... எங்க ஊட்டு வாசல்ல சின்னதா ஒரு ரோஸ் கலர் சைக்கிள் நிக்குதுங்க. யாரு வாங்குனது, எப்ப வந்துச்சு, எங்க ரெண்டு பேருக்குமே தெரியாது. பழைய இரும்புக்குப் போடலாம்னு தொட்டா அழுகாச்சியா வருது. சாயங்காலமானா அதோட பெல்லு தானா அடிக்குதுங்க. நாங்க ரெண்டு பேரும் போட்டதப் போட்டபடி வாசலுக்கு ஓடுறோம். எதுக்கு ஓடுறோம்னுதானுங்க தெரியல."

டிஸ்க்கில் இன்னும் இரண்டு நம்பர்கள் இருக்கின்றன. நதியா அவற்றுக்கு இதுவரை போன் செய்யவில்லை.