அரை இஞ்ச் பைப்பும் பெரிய மனசும்

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நான் என் கணவரிடம் சரியாகப் பேசவில்லை. காரணம் ஒரு ஷெல்ஃப்.

சிரிக்காதீர்கள். கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் ஃபிளாட்டில், சாப்பாட்டு மேஜையில் பாதி எப்போதும் புத்தகங்களுக்குத்தான். ஷெல்ஃப் வாங்கப் போனேன். இரும்புக் குழாயும் பலகையுமாக, ஃபேக்டரி மாதிரி இருப்பதுதான் இப்போது ஃபேஷனாம். விலையைக் கேட்டேன்... வெளியே வந்துவிட்டேன். தண்ணீர்க் குழாய்தானே ஐயா! நாமே செய்தால் என்ன?

ஹார்டுவேர் கடைக்குப் போய் அரை இஞ்ச் ஜி.ஐ. பைப் கேட்டேன். குழாயைச் சுவரோடு பிடித்துக்கொள்ள, நான்கு துளை உள்ள வட்டத் தகடு ஒன்று உண்டு. ஃபிளாஞ்ச் என்பார்கள். அதில் ஆறு. கடைக்காரர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“சார் வரலீங்களா?”

“எந்த சார்?”

“இல்லீங்க மேடம், பிளம்பரை அனுப்புனீங்கன்னா அவரே கரெக்டா வாங்கிட்டுப் போயிடுவாரு.”

“ஒன்பது இஞ்ச் துண்டா வெட்டி, ரெண்டு பக்கமும் மரை போட்டுத் தருவீங்களா, மாட்டீங்களா?”

தந்தார். என் முகம் அப்படி இருந்திருக்கும்.

மரக்கடையில் பழைய கதவுப் பலகை சல்லிசாகக் கிடைத்தது. இழைத்தேன். குழாயின் எண்ணெய்ப் பிசுக்கைத் தின்னரால் துடைத்துக் கறுப்பு பெயிண்ட் அடித்தேன். சுவருக்குள் தண்ணீர் லைன், கரண்ட் லைன் எங்கே போகிறது என்று அசோசியேஷன் செயலாளரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அப்புறம்தான் டிரில்லிங் மெஷினைத் தொட்டேன். இரண்டு வாரம். அந்த இரண்டு வாரமும் என் கணவர் செய்த ஒரே வேலை, தூசி என்று தும்மியது.

ஷெல்ஃப் எழுந்தது. நான் ஏறி உட்கார்ந்தாலும் தாங்கும்.

அடுத்த வாரம் சேகர் தம்பதி சாப்பிட வந்தார்கள். சேகர், திருவெறும்பூர் ஃபேக்டரியில் என் கணவரோடு வேலை பார்ப்பவர். ஷெல்ஃபைத் தட்டிப் பார்த்தார்.

“சார், நீங்க செஞ்சதா? ஃபேக்டரிக்காரர் கைன்னு பார்த்தாலே தெரியுது!”

என் கணவர் இருப்பது பர்சேஸ் பிரிவில். அவர் அங்கே தூக்குகிற கனமான இரும்பு, ஸ்டேப்ளர்.

ரசத்தை இறக்கிக்கொண்டே காதைத் தீட்டினேன். ‘இல்லப்பா, அவ செஞ்சது’ — மூன்று வார்த்தை. வரவில்லை. வந்தது இதுதான்:

“வெயிட்டெல்லாம் கணக்குப் பண்ணித்தான் போட்டது.”

போட்டது! யார் போட்டது?

“எங்க வீட்டுக்கும் ஒண்ணு போட்டுத் தாங்க சார்.”

“அதுக்கென்ன, ஞாயித்துக்கிழமை வரேன்.”

அவர்கள் போன பிறகு சமையலறை வாசலில் வந்து நின்றார். “நீயும் வரியா? சும்மா... கூட.”

“எதுக்குங்க? நீங்கதானே போட்டீங்க!”

ஞாயிற்றுக்கிழமை காலை மெஷினையும், வாங்கி வைத்த குழாய், பலகையையும் தூக்கிக்கொண்டு கே.கே. நகருக்குக் கிளம்பினார். லைன் எங்கே போகிறது என்று முதலில் கேளுங்கள் எனச் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. கோபம். அது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

பதினோரு மணிக்கு போன்.

“சுவத்துலேர்ந்து தண்ணி அடிக்குது... பீச்சி அடிக்குது!”

“மாடிக்கு ஓடுங்க. டேங்க்ல இருந்து இறங்குற வால்வை மூடுங்க.”

“எது? இங்க நாலு இருக்கு!”

“நாலையும் மூடுங்க!”

ஸ்கூட்டரில் காவிரிப் பாலத்தைத் தாண்டி நான் போய்ச் சேர்ந்தபோது, ஹால் குளமாக இருந்தது. சேகரின் மனைவி சுமதி சேலையைச் சொருகிக்கொண்டு தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தாள். பத்தாவது படிக்கிற அவள் மகளுடைய நோட்டுகள் மின்விசிறிக்குக் கீழே வரிசையாகக் காய்ந்தன. ரெக்கார்டு நோட்டில் மை கரைந்து ஓடியிருந்தது. அந்தப் பெண் அழுதுகொண்டே பக்கங்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை... இவர் ஒன்று சொல்லியிருக்கலாம், நான் ஒன்று சொல்லியிருக்கலாம்.

பிளம்பரை வரவழைத்துக் குழாயை மாற்றினோம். மெஷினை நான் வாங்கிக்கொண்டேன். லைன் ஏதும் போகாத எதிர்ச் சுவரில் சுமதி அளவு பிடிக்க, நான் துளை போட்டேன். அவள் கெட்டிக்காரி. மூன்றாவது ஃபிளாஞ்சை அவளே முடுக்கினாள்.

“அக்கா, இதெல்லாம் உங்களுக்கு எப்படி...?”

நான் அடுத்த ஸ்க்ரூவை எடுத்தேன். ஈரச் சட்டையோடு ஓரமாக நின்றிருந்த என் கணவர்தான் தொண்டையைச் செருமினார்.

“சேகர்... எங்க வீட்டு ஷெல்ஃபைச் செஞ்சது நான் இல்ல. இவதான். முழுக்க இவதான். அன்னிக்கே சொல்லியிருக்கணும். பாப்பாகிட்டயும் நான்தான் மன்னிப்புக் கேக்கணும்.”

எனக்குக் கொஞ்சம் நெஞ்சு இளகியது, பொய் சொல்வானேன்.

சேகர் நெகிழ்ந்துபோனார். “இத்தனை பேர் முன்னாடி ஒத்துக்கிறதுன்னா... சாருக்கு எவ்வளவு பெரிய மனசு!” என்று போய்க் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

என் கையை அல்ல. அவர் கையை.

அப்போது என் கையில், குழாய் முடுக்குகிற கனத்த பைப் ரெஞ்ச் இருந்தது. அதை மெதுவாகத் தரையில் வைத்தேன் பாருங்கள்... பெரிய மனசு என்றால் அதுதான்!