முள் அசையாத கம்பம்

கண்ணாடிக்கடைக்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது கடைப் பலகையிலும் மின்சார ரசீதிலும்தான் இருக்கிறது. மற்றபடி வீட்டில், தெருவில், கடைக்கு எதிரே ஜெராக்ஸ் போடுகிறவர் வாயில், எங்கேயும் அவர் ‘ஃபைவ் நைன்’. சூட்டியது மனைவி. பரப்பியது மச்சினன்.

கடைக்குள் இருக்கும்போது அவரை யாரும் ஏமாற்ற முடியாது. வந்தவரை நாற்காலியில் உட்கார்த்தி, மூக்கின்மேல் சோதனைச் சட்டத்தை மாட்டி, ஒரு வில்லையை எடுத்து இன்னொன்றைப் போட்டு, “இது தெளிவா, அது தெளிவா?” என்று கேட்பதே அவர் பிழைப்பு. பாதிப் பேர் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். இவ்வளவு நேரம் சிரமப்படுகிறாரே பாவம் என்று, “ரொம்பத் தெளிவு சார்” என்று தலையாட்டுவார்கள். அவர் பவர் எதுவுமே இல்லாத வெறும் கண்ணாடியை எடுத்து மாட்டுவார். “இப்ப?” “அடேயப்பா, இப்பதான் சார் பளிச்சுனு இருக்கு!” ஆள் அகப்பட்டார். மறுபடி முதலிலிருந்து.

“மனுஷன் பொய் சொல்றதில்ல, மரியாதை பண்றான்” என்பது அவர் கண்டுபிடித்த தத்துவம். இப்பேர்ப்பட்ட தத்துவத்தைக் கடையிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார் என்பதுதான் வேடிக்கை.

வீட்டில் பின்பக்கத்து அறையில் ஹாம் ரேடியோ இருந்தது. முறையாகப் பரீட்சை எழுதி, உரிமம் வாங்கி, சிற்றலையில் கண்காணாத தேசத்து ஆட்களோடு பேசுகிற பொழுதுபோக்கு. அறை ஜன்னலுக்கு நேரே பின்முற்றம். முற்றத்தின் நடுவில் இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலே செங்குத்தாக ஓர் அலுமினியக் கம்பம். அதுதான் ஆன்டெனா.

இந்தப் பேச்சில் ஒரு சம்பிரதாயம் உண்டு. எதிராளியின் குரல் எப்படி வருகிறது என்று மதிப்பெண் சொல்ல வேண்டும். புரிகிற அளவுக்கு ஐந்துக்கு இத்தனை, பலத்துக்கு ஒன்பதுக்கு இத்தனை. ‘ஃபைவ் நைன்’ என்றால் பக்கத்து அறையிலிருந்து பேசுகிற மாதிரி கேட்கிறது என்று பொருள். போட்டி நாட்களிலோ ஒவ்வொருவரும் முடிந்தவரை அதிகம் பேரோடு மதிப்பெண்ணும் வரிசை எண்ணும் மாற்றிக்கொள்ள வேண்டும். அங்கே யாருக்கு நிறுத்தி நிதானித்து எடைபோட நேரம்? குகைக்குள்ளிருந்து கொசு பாடுகிற மாதிரி கேட்டாலும் ‘ஃபைவ் நைன்’ என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குப் போவார்கள். விருந்துக்குப் போன இடத்தில் உப்பில்லாத குழம்பைப் பிரமாதம் என்று சொல்வதைப்போல.

நம்மவர் அதை அப்படியே நம்பினார். “இன்னிக்கும் ஃபைவ் நைன்!” என்று அறையிலிருந்து வெளியே வருவார்.

“அவ்வளவு நல்லா கேட்டா, எதுக்குங்க உங்க பேரை எட்டு தடவை திருப்பித் திருப்பிக் கேட்டான்?” என்பாள் மனைவி, காய் நறுக்கியபடியே.

“அது அவன் காது.”

“உலகத்துல எல்லாருக்குமா காது போச்சு?”

அவள் அரசு மருத்துவமனையில் நர்ஸ். வெள்ளை யூனிஃபார்ம். முற்றத்தில் வெயில் முழுசாக விழுகிற ஒரே இடத்தில்தான் கம்பம் நின்றது. மூலையில் காய்கிற உடுப்பு சாயங்காலமும் ஈரவாடை அடிக்கும். இதைப் பற்றி அவள் சண்டை போட்டதில்லை. ஈர உடுப்பைப் பிழிகிறபோது கம்பத்தை ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்குக் கம்பமே கொஞ்சம் சாய்ந்துவிட்டது என்று மச்சினன் சொல்வான்.

மச்சினன், அவளுடைய தம்பி, கிரேன் வாடகைக்கு விடுகிறவன். அவனும் ஹாம். சொந்த கிரேன் இருப்பவனுக்கு டவர் நட எவ்வளவு நேரம்? தென்னைமர உயரத்துக்கு நட்டு, உச்சியில் சுழலும் ஆன்டெனாவை ஏற்றி வைத்திருந்தான். போட்டிக்கு முந்தைய வாரம் வந்தவன், காபியைக் குடித்துக்கொண்டே முற்றத்தில் ஒரு சுற்று சுற்றினான்.

“மாமா, கம்பம் இருக்கு. பூமியில விரிக்கிற கம்பி எங்க? நாலே நாலுதானா?”

“போதும் மாப்ள. ரேடியோவுல மீட்டர் முள் அசையறதே இல்ல தெரியுமா? கம்பத்துக்கு அனுப்பினதுல ஒரு துளி பவர்கூடத் திரும்பி வரல.”

“நிக்கிற கம்பம் பாதி ஆன்டெனாதான் மாமா. மீதிப் பாதி தரையில இருக்கணும். சுத்தி நாப்பது கம்பி போடுங்க.”

“டவர் வச்சிருக்கிறவன் எல்லாம் எனக்குப் பாடம் எடுக்க வேணாம்.”

பேச்சு வளர்ந்தது. வளர்ந்த பேச்சு எங்கே போய் முட்டும் என்று அவருக்கே தெரியாது. “இந்தப் போட்டியில உன் எண்ணிக்கையில பாதி வரலைன்னா, கம்பத்தை என் கையாலயே இறக்கிடறேன், போதுமா?” என்று சொல்லிவிட்டார்.

சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த குழாய் சட்டென்று நின்றது. மனைவி ஈரக்கையோடு வாசற்படிக்கு வந்தாள். “தம்பி, நீ கேட்டல்ல? நானும் கேட்டேன்.”

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. கம்பம் போனால் ரேடியோ வெறும் பெட்டி. ரேடியோ போனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் யார்?

மறுநாள் ரகசியமாகக் கம்பிச்சுருள் வாங்கி வந்தார். துண்டுகளாக நறுக்கி, கம்பத்தின் அடியிலிருந்து சூரியக்கதிர் வரைகிற மாதிரி தரையில் பரப்பி, மனைவியின் கொண்டை ஊசிகளால் மண்ணோடு குத்தி வைத்தார். பன்னிரண்டு கம்பி இணைத்ததும் உள்ளே போய் மீட்டரைப் பார்த்தார். இதுநாள்வரை தூங்கிக்கொண்டிருந்த முள் எழுந்து நின்றது. கொஞ்சம்தான். ஆனால் நின்றது.

“பாவி, கெடுத்துட்டான்!” போட்டியில் ஜெயிக்க மச்சினன் செய்த சூழ்ச்சி என்று முடிவு கட்டினார். பன்னிரண்டையும் கழற்றினார். முள் படுத்தது. அவர் மனசும் அப்பாடா என்று படுத்தது.

“என் கொண்டை ஊசி டப்பா ஏன் காலியா இருக்கு?” என்று மனைவி கேட்டதும் அவர் ரேடியோ அறைக்குள் நுழைந்துகொண்டார்.

சனிக்கிழமை காலை போட்டி தொடங்கியது. கடைக்கு விடுமுறை. அவர் காதில் ஹெட்ஃபோன் மாட்டி, மைக்கை இழுத்து வைத்து, தம் அழைப்புக்குறியை, அங்கே அதுதான் பேர், சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டார். தூரதேசத்து ஆள் ஒருவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார், மற்றவர்களுக்கு. இவர் கத்தினார். அந்த ஆள் வேறு யாருடைய அழைப்பையோ எடுத்தார். மறுபடி கத்தினார். இடையில் மச்சினன் குரல் ஒரே தடவை கேட்டது; அந்த ஆள் உடனே எடுத்தார், நன்றி சொன்னார், முடிந்தது. கல்யாண மண்டபத்து வாசலில் எல்லாரையும் உள்ளே விட்டுவிட்டு இவரை மட்டும் காவலாளி மறித்த மாதிரி இருந்தது.

மதியத்துக்குள் பத்துப் பேர்தான் தேறினார்கள். பதினோராவதாக ஒருவர் எடுத்தார். பேரை ஏழு தடவை கேட்டுவிட்டு, “ஃபைவ் நைன்” என்றார். பொறுக்கமுடியாமல் நம்மவர் விதியை மீறி, “நண்பரே, உண்மையான மதிப்பெண் சொல்லுங்கள்” என்று இங்கிலீஷில் கெஞ்சினார். எதிர்முனையிலிருந்து உடனே வந்தது: “ஃபைவ் நைன், ஃபைவ் நைன், அடுத்தவர் வரலாம்!”

வெறும் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பளிச்சென்று இருக்கிறது என்பார்களே, அந்தக் குரல். அவருக்கு நன்றாகத் தெரிந்த குரல். ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

மனைவி சாப்பாட்டுத் தட்டோடு வந்தாள். அவளுக்கு அன்று விடுமுறை. “எத்தனை ஆச்சு?”

“பதினொண்ணு.”

“தம்பிக்கு?”

“அவன் பேச்சை எடுக்காத.” பிறகு தாமாகவே சொன்னார்: “ஒண்ணும் புரியல. முள் சுத்தமா அசையல. ஒரு துளி பவர் திரும்பி வரல. அப்ப எல்லாம் வெளியேதானே போவுது?”

“திரும்பி வரலைன்னா போய்ச் சேர்ந்துடுச்சுன்னு அர்த்தமா? வார்டுல ஒரு தாத்தா தினமும் தட்டைக் காலி பண்ணித் திருப்பிக் கொடுப்பாரு. நல்லா சாப்பிடறாருன்னு எழுதி வச்சோம். பாத்தா, ஜன்னலுக்கு வெளியே பூனைதான் கொழுகொழுன்னு இருக்கு.”

அவர் சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது. ஜன்னல் வழியே கம்பத்தின் அடியைப் பார்த்தார். நாலே நாலு கம்பி. சுற்றிலும் வெறும் மண். திரும்பி வராத பவரையெல்லாம் மண்தான் தின்றதா? இத்தனை நாளும் பூனைக்குத்தான் போட்டுக்கொண்டிருந்தாரா?

ஆனால் எப்படித் தெரிந்துகொள்வது? முள் ஒன்று சொல்கிறது, மச்சினன் ஒன்று சொல்கிறான். உலகமோ ஃபைவ் நைன் என்கிறது. மனைவி சமையலறைக்குப் போய்த் தம்பிக்குப் போன் போட்டாள். “அக்கா, போட்டியில இருக்கேன்!” என்று அவன் அலறியது இங்கே கேட்டது. “இருடா, ஒரே ஒரு கேள்வி. உங்க மாமா குரல் வெளியூர்ல எப்படிக் கேட்குதுன்னு இங்கயே உட்கார்ந்து கேட்க வழி உண்டா?”

வழி உண்டு. கடல் தாண்டி ஏதோ ஒரு கல்லூரி தன் ரேடியோவை இணையத்தில் திறந்துவைத்திருக்கிறதாம். யார் வேண்டுமானாலும் அதன் காதால் கேட்கலாம். நம் குரலை நாமே சரிபார்ப்பதில் குற்றமில்லை என்று போட்டி விதியிலும் இருக்கிறதாம். அவள் கைபேசியில் அதைப் பிடித்து, முற்றத்துப் படியில் உட்கார்ந்துகொண்டாள்.

அவர் உள்ளே பேசினார். பேசி முடித்து மூச்சு வாங்கிய பிறகு, கைபேசியில் அவர் குரல் வந்து சேர்ந்தது. இரைச்சலுக்கு அடியில், தலையணைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு யாரோ முனகுகிற மாதிரி.

“இதுதானா நான்?” என்றார் ஜன்னல் வழியே.

“நீங்கதான். வீட்டுலயும் இப்படிப் பேசினா எவ்வளவு நல்லாயிருக்கும்!”

அவர் சிரிக்கவில்லை. வெளியே வந்து, மூலையில் சுருட்டி எறிந்த கம்பிகளை எடுத்தார். அப்போதுதான் அந்தச் சந்தேகம் வந்தது. கம்பம் இறங்கினால் யாருக்கு லாபம்? வெயில் யாருக்குக் கிடைக்கும்? ‘ஒண்ணும் மாறல’ என்று இவள் ஒரு வார்த்தை சொன்னால் போதுமே.

ஒரு கம்பியைத் தரையில் விரித்தார். கம்பத்தோடு சேர்க்காமலே சேர்த்த மாதிரி விரலால் முறுக்கிவிட்டு, உள்ளே ஓடிப் பேசினார். “இப்ப எப்படி? தெளிவா?”

அவள் காதில் வைத்துக் கேட்டாள். கண்களை மூடிக்கொண்டு மறுபடி கேட்டாள். “முன்னாடி மாதிரியேதான்.”

அடுத்ததாக ஆறு கம்பியை நிஜமாகவே இணைத்தார். ஓடினார். பேசினார். முள் எழுந்து நின்றது. அதன்மேல் கைக்குட்டையைப் போட்டு மூடினார்.

“ம்… இப்ப தலையணையை எடுத்துட்டீங்க.”

“நிஜமாவா?”

“ஏங்க, முதல்ல போட்டது இணைக்காத கம்பிதானே?” என்றாள் அவள், கைபேசியிலிருந்து கண்ணெடுக்காமல். “கடையில கிழவன் கிழவிக்கு மாட்டற வெறும் கண்ணாடியை எனக்கே மாட்டிப் பாக்கறீங்களா?”

அவருக்குக் காது மடல் சூடானது. “இல்ல, அது வந்து… நீ சும்மா மரியாதைக்கு…”

“உங்களுக்கா? மரியாதையா?”

அதற்கப்புறம் அவர் சோதிக்கவில்லை. சுருள் தீரும்வரை கம்பி விரித்தார். சுவர் தடுத்த இடத்தில் வளைத்து ஓட்டினார். ஊசி போதாமல் அவளே தன் தலையிலிருந்த இரண்டையும் உருவிக் கொடுத்தாள். ஒவ்வொரு சுற்றுக்கும் அவள் சொன்னாள்: “இன்னும் கிட்ட.” “அதேதான், பெரிசா ஒண்ணும் இல்ல.” “ஆங், இப்ப எதிர்வீட்டுல நின்னு கத்தற மாதிரி.” முள்ளைக் கேட்டிருந்தால் பாதியிலேயே நிறுத்தியிருப்பார். கைக்குட்டை அப்படியே கிடந்தது.

சாயங்காலம் போட்டி வேறு போட்டியாக இருந்தது. ஒரே தடவை சொன்னால் எடுத்தார்கள். பேரைத் திருப்பிக் கேட்பது அருகிப்போனது. ஒரு கட்டத்தில் இவர் கூப்பிட, நாலு பேர் ஒன்றாய் இவரைக் கூப்பிட்டார்கள். யாரை முதலில் எடுப்பது என்று தெரியாமல், “எல்லாரும் வரிசையா வாங்கப்பா” என்று தமிழில் சொல்லிவிட்டார்.

ஞாயிறு காலை போட்டி முடிந்தது. மச்சினன் வந்தான். இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பாதிக்குப் பதினேழு குறைவு.

“விடுங்க மாமா. சனிக்கிழமை காலையிலயே கம்பி இருந்திருந்தா என்னைத் தொட்டிருப்பீங்க. பதினேழுதானே, நான் எண்ணாத மாதிரி இருந்துக்கறேன்.”

“வேண்டாம் மாப்ள.” அவர் திருப்புளியைத் தேடி எடுத்தார். “நீ மரியாதை பண்ற. எனக்கு அந்த வியாதி தெரியும்.”

இருவருமாகக் கம்பத்தை இறக்கினார்கள். இறக்கும்போது அவர் முகத்தைப் பார்த்தவர்கள், யாரோ ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். சுவரோரமாகக் கிடத்திவிட்டு, தரைக் கம்பிகளைப் பிடுங்கக் குனிந்தார்.

“அதை எதுக்குப் பிடுங்கறீங்க?” என்றாள் மனைவி. துணி வாளியோடு வெயிலின் நடுவில் நின்றிருந்தாள். கொடியைக் கட்டியாகிவிட்டது. “கம்பத்தை இறக்கறேன்னுதானே சொன்னீங்க. கம்பியைப் பத்தி யாரும் பேசல.”

“கம்பம் இல்லாம கம்பி எதுக்கு?”

“திரும்ப நிறுத்த மாட்டேன்னும் சொல்லல.” ஒரு யூனிஃபார்மை உதறினாள். அவர்மேல் தண்ணீர் தெறித்தது. “வாரம் பூரா வெயில் எனக்கு. ஞாயிற்றுக்கிழமை என் துணி காய்ஞ்சதும் உங்களுக்கு. காயறதுக்கு முன்னாடி திருப்புளியோட வந்து நின்னீங்கன்னா, கம்பத்தைத் தம்பி கிரேன்ல கட்டித் தூக்கிட்டுப் போகச் சொல்லிடுவேன்.”

“வாடகை உண்டுக்கா” என்றான் மச்சினன்.

அன்று மதியம் போட்டி இல்லை, ரேடியோவில் வெறும் அரட்டைதான். சாப்பிட்டு முடித்து அவர் படியில் உட்கார்ந்து, திருப்புளியைப் பின்னால் மறைத்துக்கொண்டு, கொடியையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி வந்து ஒவ்வொன்றாய் எடுத்து மடித்தாள். கடைசி யூனிஃபார்ம் சட்டையை எடுக்கும்போது அதன் கீழ் விளிம்பு இன்னும் கனத்துத் தொங்கியது. ஒரு சொட்டு அவள் பாதத்தில் விழுந்தது. அவள் அதை நாற்காலி முதுகில் போட்டுவிட்டு, கைபேசியை எடுத்துக்கொண்டு படியில் வந்து உட்கார்ந்தாள்.

“என்ன, காய்ஞ்சிடுச்சு. கம்பத்தை நிறுத்துங்க.”

அவர் சட்டையையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். எதுவும் கேட்காமல் கம்பத்தைத் தூக்கப் போனார்.