பசியாறப் போன பதினேழாம் நம்பர்

நேற்று மலாக்காவின் புக்கிட் காத்திலில் ஒரு கிளினிக் கதவைத் திறந்ததும் ஸ்பிரிட் வாசம் வந்தது. அந்த வாசம் மூக்கில் ஏறினாலே, யாரோ என் புரோகிராமைத் திட்டப் போகிறார்கள் என்று என் உடம்பு இன்னும் நம்புகிறது.

அப்போது நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஆபீஸ் மலாக்காவில். மெர்லிமாவில் ஒரு டாக்டருக்கு, நோயாளிகளை நம்பர் சொல்லிக் கூப்பிடும் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். காலையில் ஜோராக ஓடும். பதினொரு மணிக்கு சர்வர் மூச்சடைத்து நின்றுவிடும். கவுண்டரில் இருக்கும் ராணி அக்கா நம்பர்களைத் தொண்டை கிழியக் கூப்பிட ஆரம்பிப்பார். நான் மோட்டார் சைக்கிளில் பறந்து போய், பெரிய ஆபரேஷன் செய்கிற முகத்தோடு பிளக்கைப் பிடுங்கிச் சொருகிவிட்டு வருவேன்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலன்னா எடுத்துட்டுப் போயிருங்க தம்பி," என்றார் டாக்டர். எனக்கோ வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. புரோகிராம் போனால் பின்னாலேயே நானும்.

வியாழக்கிழமை அக்காவின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு நம்பருக்கும் என் புரோகிராம் ஒரு திரெட்டைத் தொடங்கும். சின்ன வேலையாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நோயாளி உள்ளே போனதும் அவனை விடுவித்துவிடும். திரையில் பார்த்தால், முப்பது வேலையாட்கள் விடுபடாமல் மெமரியை அடைத்துக்கொண்டு கிடந்தார்கள். ஹாலில் இருந்ததோ ஆறே பேர்.

"பதினேழு எங்கக்கா?"

"பசியாறப் போயிட்டாரு."

"இருபத்திரண்டு?"

"பாசார்ல மீன வாங்கிட்டு வீட்டுக்குப் போயிருக்கும் லா. இந்தக் கூட்டத்தப் பாத்ததும் காய்ச்சல் விட்டுருக்கும்."

"அவங்க வர்ற வரைக்கும் என் திரெட்டு காத்துக்கிட்டு இருக்கேக்கா!"

"நீ என்ன ஊருக்குப் புதுசா?"

புதுசு இல்லை. அதே மெர்லிமாவில் பிறந்து, அதே மாதிரி நம்பர் எடுத்துவிட்டு ரொட்டி சானாய் தின்னப் போனவன்தான். ஆனால் ஆபீஸில் சோதித்தபோது நர்ஸும் நானே, நோயாளியும் நானே. கூப்பிட்டதும் ஓடி வந்தேன்.

கூப்பிட்டு அரை மணி நேரம் வராதவரின் திரெட்டை விடுவிக்கும்படி நாலு வரி சேர்த்தேன். வெள்ளிக்கிழமை பதினொன்று அடித்தது, புரோகிராம் ஓடியது. பன்னிரண்டு, ஓடியது. ஒரு பெரியவர் மட்டும் சாவகாசமாக வந்து, "என் நம்பர முழுங்கிட்டியேடா," என்று சண்டைக்கு வந்தார். அக்கா அவரை அப்படியே உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார். டாக்டர் எட்டிப் பார்த்து, "பரவால்லயே தம்பி," என்றார். என் வேலையும் தப்பியது.

அந்த மெர்லிமா கிளினிக் இருந்த இடத்தில் இப்போது பபிள் டீ கடை. அங்கேயும் நம்பர் தருகிறார்கள். போன வாரம் நின்று பார்த்தேன். நம்பர் வாங்கிய ஒருவர்கூட எங்கும் போகவில்லை. கைப்பேசியைப் பார்த்தபடி அப்படியே நின்றார்கள். அன்றைக்கு இவர்கள் என் நோயாளிகளாக இருந்திருந்தால், என் புரோகிராமில் தவறே இருந்திருக்காது.